சிவப்புக் கட்டம் போட்ட அட்டை

அது மெடிக்கல் கவர்தானேம்மா? சீட்டுக் காட்டித்தான் வாங்கினீங்களா?

தப்பா நினைச்சுக்காதீங்க. என்ன மாத்திரைன்னு நான் கேட்கலை, கேட்கவும் மாட்டேன். டாக்டர் சீட்டுக் கேட்டாங்களான்னு மட்டும்தான் கேட்டேன். ஓ, காய்ச்சல் மாத்திரையா. அதுக்குக் கேட்க மாட்டாங்க. அது மளிகைச் சாமான் மாதிரி, யார் வேணா வாங்கலாம். இதெல்லாம் எனக்கு இப்ப அத்துப்படி. ஒரே ஒரு மத்தியானத்துல, நடுங்கி நடுங்கிப் படிச்ச பாடம்.

இன்னும் ராஜபாளையம் வரலையா? நான் புளியங்குடி போறேன். மகளைக் கட்டிக் குடுத்த ஊரு. எனக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். விடியறதுக்கு முன்ன கிளம்பினேன், ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கலை. 

என் மகளுக்கு வலிப்பு இருக்கும்மா.

பார்த்தீங்களா, உங்ககிட்ட எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டேன். நீங்க யாரு நான் யாரு. கூடப் பொறந்த அண்ணன்கிட்டக்கூட பதினோரு வருஷம் சொன்னதில்லை நான். அவ அப்பா செத்து மறுவருஷம், எட்டாவது படிக்கறப்ப, பள்ளிக்கூடத்துப் பிரேயர்ல நின்னுக்கிட்டிருந்தவ அப்படியே விழுந்தா. வெயில் மயக்கம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து விட்டாங்க. நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன், கேட்டவங்களுக்கெல்லாம் வெயில் மயக்கம். ஆனா அன்னைக்கு வீட்டுலயும் ஒருதடவை வந்துச்சு. என் கண்ணு முன்னாடி. அதை நான் சொல்ல மாட்டேன், கேட்காதீங்க.

மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். உள்ளூர்ல காட்டினா நாளைக்கே ஊருக்குத் தெரிஞ்சுடும். அந்த டாக்டர் நல்ல மனுசன். "இது பேயும் இல்ல, சாபமும் இல்லம்மா. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி. மாத்திரையை ஒருவேளை கூட விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது. மத்தபடி புள்ளையப் புள்ளையா இருக்க விடுங்க"ன்னார். நான் விடலை. மாத்திரையைச் சொல்றேன், ஒருநாள் விடலை. ராத்திரி சோறு தின்னதும் என் கையால எடுத்து அவ உள்ளங்கையில வைப்பேன். முழுங்கினதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். கூட்டுறவு பேங்க்குல வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். "நான் என்ன கைக்குழந்தையாம்மா?"ம்பா. யாராவது பார்த்துட்டா சத்து மாத்திரைன்னு சொல்லுவேன். ராத்திரி முழிப்புத் தட்டினா அவ மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பார்த்துட்டுத்தான் மறுபடி படுப்பேன். சில நாள் அவ தூங்கற மாதிரி நடிப்பா, எனக்குத் தெரியும்.

சுகிர்தான்னு பேரு. நிறமா, லட்சணமா இருப்பா.

மாப்பிள்ளை அருண்பாண்டி. அண்ணன் பார்த்துக் கொண்டு வந்த இடம். நல்ல குடும்பம், நிச்சயமும் முடிஞ்சுது. நான் சொல்லலை. எப்படிம்மா சொல்றது? அப்பா இல்லாத பொண்ணு, அதுக்கு மேல இதையும் சொன்னா வாசப்படி மிதிப்பாங்களா? கடைசியா வந்து நாலு வருஷம் ஆச்சு. சும்மா இருக்கற வியாதியை நாமளா ஏன் கூப்பிட்டு உட்கார வைக்கணும்னு இருந்துட்டேன்.

நிச்சயம் முடிஞ்சு ரெண்டாம் மாசம் அவங்க கோயில்ல கொடைத் திருவிழா. "வருங்கால மருமக வந்து சாமி கும்பிடணும், ரெண்டு நாள் தங்கிப் போங்க"ன்னு சம்பந்தியம்மா போன் பண்ணினாங்க. அந்தப் பக்கத்துக் கொடை தெரியுமில்ல? கொட்டும் மேளமும் காது கிழியும். அதுல இவ எங்க தூங்கறது? போகாம இருந்தா என்ன நினைப்பாங்க? அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு மூணு பேரும் போனோம்.

மாத்திரையை நான் அட்டையோட எடுத்துட்டுப் போறதில்லை, யார் கண்ணுலயாவது படும். பிரிச்சுப் பழைய பவுடர் டப்பாவுல போட்டு வைப்பேன். அதே மாதிரி டப்பாவுல நிஜப் பவுடரும் இருக்கும். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு அவங்க வீட்டு மாடி ரூம்ல டப்பாவைத் திறக்கறேன், பவுடர்.

கையை விட்டுத் துழாவினேன். கொட்டிப் பார்த்தேன். தரையெல்லாம் பவுடர், மாத்திரை ஒண்ணு கூட இல்லை. கீழ தெருவுல மேளக்காரங்க வந்து இறங்கி, சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கறாங்க. அந்த ஒரு தட்டுக்கே என் உடம்பு தூக்கிப் போட்டுச்சு. இன்னைக்கு ராத்திரி இவளுக்கு மாத்திரை இல்லை. விடிய விடியக் கொட்டு. மாப்பிள்ளை வீட்டுச் சனம் மொத்தமும் சுத்தி நிக்க, நடுவுல இவ விழுந்தா? மயக்கம்னு எவன் நம்புவான்?

அவகிட்ட சொல்லலை. பயந்தாலும் வந்துடும்னு எனக்குப் பயம். சிரிச்சுக்கிட்டே, "தலைவலியா இருக்கு, தைலம் வாங்கிட்டு வரேன்"னேன்.

"நான் வரட்டாம்மா?"

"நீ படு. தூங்கு. நல்லாத் தூங்கு."

ஒரு மாதிரியாப் பார்த்தா என்னை. நான் இறங்கிட்டேன்.

மாத்திரை பேரு எனக்கு மனப்பாடம். முதல் கடையில ஒரு பெரியவர். பேரைச் சொன்னேன். "சீட்டு?"ன்னார். ஊர்ல இருக்கு ஐயா, பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு, வீட்டுல வேற யாரும் இல்லைன்னு சொன்னேன். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். டாக்டர் ஊர்ல இல்லைன்னுட்டாங்க.

"அப்ப தர முடியாதும்மா."

"ரெண்டே ரெண்டு மாத்திரை குடுங்க ஐயா. இன்னைக்கும் நாளைக்கும்."

அவர் ஒரு அட்டையை எடுத்து என் முன்னாடி நீட்டினார். "இங்க பாருங்க. என் கடையில மூணு விதம் இருக்கு. தைலம், இருமல் மிட்டாய், காய்ச்சல் மாத்திரை, இது எவன் கேட்டாலும் குடுக்கலாம். அடுத்தது சிவப்புல எழுத்துப் போட்டிருக்கும், அதுக்குச் சீட்டு வேணும். மூணாவது இது. சிவப்புக் கட்டம் போட்டிருக்கு பாருங்க. இதுக்குச் சீட்டும் வேணும், சாப்பிடறவங்க பேரு, எழுதின டாக்டர் பேரு, எத்தனை குடுத்தோம் எல்லாத்தையும் தனியா ஒரு நோட்டுல ஏத்தணும். மூணு வருஷம் அந்த நோட்டை வச்சிருக்கணும். ஆபீசர் வந்து பார்ப்பார்."

பேரா! மாத்திரைக்கு எதுக்கும்மா பேரு? அரிசி வாங்கறவன் பேரை எழுதறாங்களா? சாராயம் வாங்கறவன் பேரை எழுதறாங்களா? சீக்காளி பேரை மட்டும் எழுதி மூணு வருஷம் வச்சிருப்பாங்களாம். அதுவும் நாளைக்கு அவ வாழப் போற ஊருல.

தைலம் மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த கடை ஒரு சந்துக்குள்ள. சின்னக் கடைன்னா குடுப்பான்னு நினைச்சேன். இருபத்தஞ்சு முப்பது வயசுப் பையன் உட்கார்ந்திருந்தான். பேரைச் சொன்னதும் என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை தம்பி. எனக்குத்தான்."

"எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

யார் வீடுன்னு எப்படிச் சொல்றது? நான் முழிக்கறதைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம் கூடிப் போச்சு. "பசங்க இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் தெருவுல கிடக்கானுவ. கடைக்காரங்களைப் போலீஸ் கூட்டிட்டுப் போகுது. இப்ப புதுசா உங்கள மாதிரி ஆளுகளை அனுப்புதானுவ, பார்த்தா பாவமா இருக்கும்லா"ன்னு சொல்லிக்கிட்டே போனை எடுத்தான். "ஒரு நிமிசம் இங்கன பாருங்க."

படம் எடுக்கறான்! போதை மாத்திரை வாங்க வந்தவன்னு என்னைப் படம் எடுக்கறான். நான் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு ஓடினேன்மா. இந்த வயசுல, அந்த வெயில்ல, செருப்பு ஒண்ணு கழண்டு கழண்டு வருது, நிக்காம ஓடினேன். அந்தப் படம் இந்நேரம் ஊரு பூரா போனுல சுத்தும், மாப்பிள்ளை போனுக்கும் வந்திருக்கும்னே நினைப்பு ஓடுது. ஒரு ஜவுளிக்கடை ஓரமா நின்னு மூச்சு வாங்கினேன். பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பார்த்தேன். யாரும் வரலை. ஆனா ரோட்டுல போற ஒவ்வொருத்தனும் என்னையே பார்க்கற மாதிரி இருந்துச்சு.

திரும்பிப் போயிருக்கலாம். போய் என்ன பண்றது? ராத்திரி வந்துக்கிட்டே இருக்கே.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பெரிய கடை ஒண்ணு. கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, வெள்ளைக் கோட்டு. அவ விரட்டலை. "உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க. யாருக்கு மாத்திரை?"ன்னா.

"எனக்குத்தான்."

"எத்தனை வருசமா சாப்பிடுதீங்க?"

"பதினோரு வருஷமா."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"நாலு வருஷம் முன்ன."

"வர்றதுக்கு முன்ன உங்களுக்கு எப்படி இருக்கும்? கண்ணுல ஏதாவது மின்னுமா, வாயில ருசி மாறுமா?"

எனக்கு எப்படிம்மா தெரியும்? அவளை ஒருநாளும் நான் கேட்டதில்லையே. கேட்டா ஞாபகம் வந்துடும்னு கேட்கறதே இல்லை. குடுத்த தண்ணியை எடுத்துக் குடிச்சேன். அந்தப் பொண்ணு ஏதோ புரிஞ்ச மாதிரி, மெதுவா, "யாருக்கா இருந்தாலும் சரிம்மா, அவங்களைக் கூட்டிக்கிட்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க, பக்கத்துலதான். டாக்டர் இருப்பாரு, பார்த்து எழுதிக் குடுப்பாரு, உடனே தாரேன். இல்லன்னா பழைய சீட்டை யாராவது போன்ல படம் எடுத்து அனுப்பினாலும் போதும், பார்த்துட்டுத் தாரேன். பேரை மட்டும் நோட்டுல எழுதிக்கிடுவேன்"ன்னா. அதோட விட்டாளா? எனக்குக் காது கேட்கலைன்னு நினைச்சுக்கிட்டாளோ என்னவோ, சத்தமா, "வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தவே கூடாது, தெரியும்லா?"ன்னா.

"மதினி! உங்களுக்கா வலிப்பு?"

திரும்பிப் பார்க்கறேன், செல்வக்கனி. மாப்பிள்ளையோட சித்தி. கையில கற்பூரப் பையோட எனக்குப் பின்னாலயே நிக்கறா.

அந்த நிமிஷம் எனக்கு வேற என்ன தோணும் சொல்லுங்க. "ஆமா மதினி, எனக்குத்தான். அவரு போன அதிர்ச்சியில வந்தது"ன்னேன். என் வியாதின்னா போகட்டும், எனக்கா கல்யாணம்? அவ என் கையைப் பிடிச்சு, "ஐயோ பாவம், சொல்லாம இப்படித் தனியா அலையுதீங்களே"ன்னு ஆட்டோவுல ஏத்தி வீட்டுக்குக் கொண்டு போயிட்டா. மாத்திரை வாங்காமலே திரும்பிட்டேன். வாசல்ல கால் வைக்கறதுக்குள்ள வீடு பூரா சொல்லியாச்சு.

கூடத்துல எல்லாரும் கூடிட்டாங்க. ஒருத்தி விசிறுறா, ஒருத்தி எலுமிச்சம்பழம் பிழியறா. அண்ணன் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறார். சம்பந்தியம்மா எதிர்ல உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கறாங்க. யாரோ ஒரு கிழவர், மெதுவாப் பேசறதா நினைச்சுக்கிட்டு, "தாய்க்கு இருந்தா மகளுக்கும் வருமே"ன்னார். விசிறிக்கிட்டிருந்தவ நிறுத்திட்டா. நான் கெட்டிக்காரத்தனமா ஒண்ணு சொல்லப் போய், அது திரும்பி வந்து அவ கழுத்தையே பிடிச்சிடுச்சேன்னு எனக்குக் கண்ணை இருட்டுது.

சுகிர்தா மாடியில இருந்து இறங்கி வந்தா. பாதி பின்னின சடை. எந்தப் படியில நின்னு எவ்வளவு நேரம் கேட்டாளோ தெரியாது. நேரா வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா.

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. வலிப்பு எனக்குத்தான். எட்டாவது படிக்கறப்ப இருந்து மாத்திரை சாப்பிடறேன்."

நான் அவ வாயைப் பொத்தப் போனேன். கையைப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டா. நடுங்கினது என் கைதான், அவ கை நடுங்கலை.

"அவருக்குத் தெரியும்"னா.

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்க்கறாங்க. அவர் தூண்கிட்ட நின்னுக்கிட்டு, "பேசின ரெண்டாம் நாளே சொல்லிட்டாம்மா. நான்தான் உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்"னு அவங்க அம்மாவைப் பார்த்துச் சொன்னார். சம்பந்தியம்மா எந்திரிச்சு உள்ளே போயிட்டாங்க.

சுகிர்தா என் பக்கம் திரும்பி, "சீட்டு என் போன்லயே இருக்கும்மா. போன தடவை டாக்டர் எழுதினதும் படம் எடுத்து வச்சுக்கிட்டேன். என்கிட்ட ஏன் நீ கேட்கலை?"ன்னா.

கேட்கணுமாம். அவளைப் பயமுறுத்தக் கூடாதுன்னு ஊரெல்லாம் ஓடினவகிட்ட ஏன் கேட்கலைன்னு கேட்கறா.

அவளும் மாப்பிள்ளையும் அந்தப் பெரிய கடைக்கே போனாங்க. நானும் பின்னாலயே போனேன், வேண்டாம்னு சொன்னாங்க, போனேன். கண்ணாடி போட்ட பொண்ணு போனை வாங்கித் தேதி பார்த்தா, டாக்டர் பேரைப் பார்த்தா, நோட்டைத் திறந்தா. "பேரு?" இவ கடையில நின்ன அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி, "சுகிர்தா. வயசு இருபத்தி நாலு"ன்னா. அந்தப் பொண்ணு எழுதறா. எனக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கிடலாம் போல இருந்துச்சு. பதினோரு வருஷம் நான் பொத்திப் பொத்தி வச்சதைக் கடை நோட்டுல நீல மையில எழுதிட்டாங்க. சட்டமாம். நாசமாப் போற சட்டம்.

சாயங்காலம் சம்பந்தியம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? எங்க பையைத் தூக்கி ஒரு ஆள்கிட்ட குடுத்து, ஊருக்கு அந்தப் பக்கம், தோட்டத்தை ஒட்டி அவங்க தங்கச்சி வீடு இருக்கு, அங்க கொண்டு போய் எங்களைத் தங்க வச்சுட்டாங்க. ஜன்னலெல்லாம் சாத்தி, மெத்தையெல்லாம் போட்டிருந்துச்சு. கொட்டுச் சத்தம் துளி கேட்கலை. மக நல்லாத் தூங்கினா. ஆனா யோசிச்சுப் பாருங்க, கூப்பிட்ட விருந்தாளியைத் திருவிழா அன்னைக்கு ஊர் ஓரத்துல கொண்டு போய் வைக்கறதுன்னா என்ன அர்த்தம்? ஒதுக்கி வச்சுட்டாங்க. நான் அழுதுக்கிட்டே இருந்தேன். "சத்தம் கேட்டா தூக்கம் கெடும்னுதாம்மா இங்க அனுப்பியிருக்காங்க"ன்னு மக சொன்னா. அவளுக்கு உலகம் தெரியாது.

ஆவணியில கல்யாணம் நடந்துச்சு. ஆமா, நடந்துச்சு. எப்படிச் சம்மதிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை. அந்தம்மா அதிகம் பேச மாட்டாங்க. பேசாதவங்க மனசுல என்ன இருக்குமோன்னு தினமும் பயம். ராத்திரி சாப்பிட்டு முடிக்கற நேரம் மகளுக்குப் போன் போட்டு, மாத்திரை போட்டியான்னு கேட்பேன். முதல்ல எடுப்பா. அப்புறம் "போட்டாச்சு"ன்னு எழுதி அனுப்பறா. இப்ப அதுவும் சில நாள் இல்லை.

முந்தாநாள் காலையில வந்துடுச்சும்மா. அதுக்குத்தான் போறேன்.

அடுப்படியில நின்னவ விழுந்திருக்கா. நாலஞ்சு வருஷமா வராதது, அங்க போய் வந்துடுச்சு. எனக்கு நேத்துத்தான் சொன்னாங்க, நேத்து! பெத்தவளுக்கு ஒருநாள் கழிச்சுச் சேதி. சம்பந்தியம்மாதான் பக்கத்துல இருந்திருக்காங்க. அடுப்பை அணைச்சுட்டு, பாத்திரத்தையெல்லாம் தள்ளிட்டு, சேலையை மடிச்சுத் தலைக்கு வச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரி இரும்புச் சாவியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாளாம், கையில திணிக்க விடலையாம். தானா அடங்கற வரைக்கும் மணியைப் பார்த்துக்கிட்டே தலைமாட்டுல உட்கார்ந்திருந்தாங்களாம். அப்புறம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போய், டாக்டர் மாத்திரை அளவை மாத்திக் குடுத்திருக்கார். இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியே மகனைக் கூட்டிக்கிட்டு அந்த டாக்டரைப் பார்த்து, வந்தா என்ன பண்ணணும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம, பார்த்தீங்களா.

அலறலையாம். ஒரு சத்தம் போடலையாம் அந்தம்மா. நானா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பேன். எப்படிம்மா அலறாம இருக்க முடியும்?

இதோ இந்தப் பையில அவளோட பழைய நைட்டி, துண்டு எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன், கூட்டிட்டு வந்துடலாம்னு. அனுப்பி வைக்கப் போறாங்கன்னுதான் நினைச்சேன். இல்லாட்டியும் கூட்டிட்டு வந்துடுவேன். நேத்துப் போன்ல சம்பந்தியம்மா சொன்னாங்க, அவங்க பேசறதே அப்படித்தான், நறுக்குனு, "வாங்க மதினி, சோறு பொங்கி வைக்கேன். புள்ள நல்லாத்தான் இருக்கா, நாளைக்கழிச்சு வேலைக்குப் போகணும்ங்கா. வாசல்ல வரும்போதே அழுதுக்கிட்டு வராதீங்க. அவளுக்கு வலிப்பைக் கண்டு பயமில்லை, உங்க மூஞ்சியைப் பார்க்கத்தான் பயமா இருக்குங்கா"ன்னாங்க.

எவ்வளவு பெரிய வார்த்தை. மக அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டா, அவங்களாச் சேர்த்துச் சொல்றாங்க. நான் உடனே மககிட்ட போனைக் குடுங்கன்னேன். வாங்கி, "அம்மா, மெதுவா வா. சாப்பிட்டுட்டு வா"ன்னா. அவ்வளவுதான். நான் அப்படிச் சொல்லலைன்னு மட்டும் சொல்லவே இல்லை.

ராத்திரி ராத்திரி எந்திரிச்சு அவ மூச்சைத் தொட்டுப் பார்த்தவ நான். அவளுக்கு என்னைப் பார்த்து ஏன்மா பயம் வரணும்? நீங்களே சொல்லுங்க.